டிராயரில் இருந்த சாவி

மேனேஜர் பேசிக்கொண்டே இருந்தார். அக்காவுக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

போன வருஷம் வரை அவள் உட்கார்ந்து தூங்கி வழிந்த அதே வகுப்பறைதான். மூன்றாவது மின்விசிறி இன்றைக்கும் கடகடவென்றுதான் சுற்றியது. உயிரமைப்புப் பொறியியல் இறுதியாண்டு, மொத்தம் நாற்பது பேர். படிப்பின் பெயரைச் சொன்னதும் "அப்ப ஊசி போடுவியா?" என்று கேட்கிற உறவுக்காரர்களுக்கு நாலு வருஷமாகப் பதில் சொல்லி நாக்கு வறண்டுபோனவர்கள். பசுமைக்குடிலுக்குக் காற்றோட்டம் அமைக்கலாம், பால் ஆலைக்குப் போகலாம், சாணத்திலிருந்து எரிவாயு எடுக்கலாம் என்று துறைத்தலைவர் வருஷா வருஷம் அடுக்குவார். ஆனால் கல்லூரிக்கே வந்து ஆள் எடுக்கிற கம்பெனி என்னவோ இந்தத் தானியக் கிடங்கு ஒன்றுதான். அக்கா அங்கே சேர்ந்து பதினொரு மாதம் ஆகிறது. இந்த வருஷம் மூன்று பேர் வேண்டுமாம். "நல்லதா நாலு வார்த்தை சொல்லும்மா, போதும்" என்று அவளையும் காரில் ஏற்றிக் கூட்டி வந்திருந்தார் மேனேஜர்.

இரண்டாவது வரிசையில் அவள் தங்கை உட்கார்ந்திருந்தாள். விண்ணப்பத்தை முதல் ஆளாக நிரப்பிவிட்டு, அக்கா இருக்கும் பக்கமே திரும்பவில்லை. காலையில் வீட்டில் நடந்த சண்டை அப்படி.

"நீ இந்த வேலைக்கு எழுதாத."

"ஏன்?"

"சொன்னா கேளேன்."

"நீ மட்டும் இன்ஜினியர்னு ஜம்பமா போய் வரணும், நான் வீட்ல உக்காந்து ஈ ஓட்டணுமா?"

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா பக்கத்திலேயே துணி மடித்துக்கொண்டு நின்றாள். காதில் விழுந்தால் அன்றைக்கே வேலையை விடு என்பாள். வேலை போனால் அடுத்தது எங்கே என்ற பயம் அக்காவுக்கு. அதனால் வாய்வரை வந்ததை விழுங்கினாள். பதினாறு நாளாக விழுங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

திரையில் அடுத்த படம் வந்தது. ஒரு சிவப்புப் பூட்டு, அதில் அக்காவின் பெயர் எழுதிய அட்டை.

"பாதுகாப்புதான் எங்களுக்கு முதல்ல," என்றார் மேனேஜர். "இதோ, உங்க அக்காவோட பூட்டு!"

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! அக்காவுக்கு உச்சந்தலை சுட்டது. யாரும் கூப்பிடாமலே எழுந்து முன்னால் போய் நின்றாள்.

"ஆமா, என் பூட்டுதான். அது எதுக்குன்னு உங்களுக்கே தெரியும். தகரக் குதிர் மாதிரி நிக்கற சைலோவுக்குள்ள மக்காச்சோளம் கட்டி தட்டிப்போச்சுன்னா, ஆள் உள்ள இறங்கித்தான் உடைக்கணும். அப்ப அடியில சோளத்தை இழுக்கற மோட்டார் ஓடவே கூடாது. ஓடினா சோளத்து மேல நிக்கறவர அப்படியே உள்ள இழுத்துக்கும். அதனால சுவிட்ச அணைச்சுப் பூட்டி, சாவிய நாமளே வச்சுக்கணும்."

"கரெக்ட்!" என்று தலையாட்டினார் மேனேஜர்.

"பதினாறு நாளைக்கு முன்னாடி நெட்டைன்னு எங்க ஆள் ஒருத்தர் இறங்கினாரு. சுவிட்ச நான்தான் பூட்டினேன், சாவி என் பாக்கெட்ல. நான் மேல நின்னு கயித்தப் பிடிச்சிட்டிருக்கேன், கீழ மோட்டார் ஓடுது. முழங்கால் போச்சு, இடுப்பு போச்சு, மார்பு வரைக்கும் போயிட்டாரு. நான் கத்தின கத்துல ஒரு லாரி டிரைவர் ஓடிப்போய் நிறுத்தினாரு. சைலோ தகரத்த வெட்டித்தான் ஆளை வெளிய எடுத்தோம், ரெண்டு மணி நேரம். கீழ வந்து பாத்தா என் பூட்டு திறந்து மேசை மேல கிடக்கு. லோடு ஏத்த லாரி காத்திட்டிருந்துச்சாம்!"

வகுப்பு மேனேஜரைப் பார்த்தது. அந்த மனிதர் கொஞ்சமும் அசரவில்லை. பேரப்பிள்ளையின் குறும்பைச் சொல்வதுபோல் சிரித்தார்.

"பொண்ணு புதுசு இல்லையா, பூட்டைச் சரியா அழுத்தாம விட்டுடுச்சு. நாங்க அதைப் பெரிசு பண்ணல. பாவம், அன்னிக்கு ரொம்பப் பயந்துபோச்சு. அந்த ஆளும் இப்ப கல்லு மாதிரி இருக்காரு."

பின்வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். "உக்காரும்மா, அப்புறம் பேசிக்கலாம்," என்றார் துறைத்தலைவர், வந்த கம்பெனி ஓடிவிடுமோ என்கிற கவலையில். அடப்பாவிகளா! பூட்டுகிற ஓசையைக் காதால் கேட்டு, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏணி ஏறினாள் அவள். யாரிடம் போய் நிரூபிப்பது? தங்கையின் முகம் அவமானத்தில் சிவந்திருந்தது. அதைப் பார்த்தபோதுதான் அக்காவுக்கு அழுகை முட்டியது.

தங்கை கையைத் தூக்கினாள்.

"சார், ஒரு சந்தேகம். பூட்டினவங்க சாவியத் தொலைச்சிட்டா என்ன செய்வீங்க?"

"அந்தக் கவலையே வேண்டாம்மா," என்றார் மேனேஜர், பெருமை பொங்க. "எல்லாப் பூட்டுக்கும் டூப்ளிகேட் என் டிராயர்லதான் இருக்கு. எங்ககிட்ட ஒரு நிமிஷம் வேலை நிக்காது!"

வகுப்பு துறைத்தலைவரைப் பார்த்தது. பூட்டுக்கு ஒரே சாவிதான், அது உள்ளே ஆள் இறங்கியிருக்கும்போது பூட்டினவர் கையில்தான் என்பது மூன்றாம் ஆண்டில் நாற்பது பேரும் எழுதித் தேறிய பதில். கேள்வித்தாளைத் தயாரித்ததே துறைத்தலைவர்தான். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "சரி சரி, படிவத்தை எல்லாம் கொடுங்க," என்றார்.

பதினொரு பேர் கொடுத்தார்கள். என்ன செய்வது, அவரவர் வீட்டில் அவரவர் பாடு. தங்கை தன்னுடையதை நாலாகக் கிழித்தாள். மேனேஜர் அக்காவின் அருகில் வந்து, சிரிப்பு மாறாமலே, "நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்," என்றார்.

வராந்தாவுக்கு வந்ததும் அக்கா தங்கையின் தோளைத் தொட்டாள்.

"சரியான கேள்வி கேட்டடி!"

தங்கை கையைத் தட்டிவிட்டாள். அவள் கண்ணில் அப்படியொரு கோபம்.

"இதை வேற எங்க சொன்ன?"

"இப்பத்தானே சொன்னேன்."

"எங்ககிட்ட சொல்லி? நாங்க என்ன செய்யறது? தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு எழுதினியா?"

அக்கா இல்லை என்று தலையாட்டினாள்.

"பதினாறு நாள்! அந்த நெட்டை அண்ணன் அதுக்கப்புறம் உள்ள இறங்கினாரா?"

"நாலு தடவ."

"பூட்டு?"

"நான்தான் போட்டேன்."

"அதே பூட்டு. இன்னொரு சாவி மேனேஜர்கிட்ட இருக்குன்னு தெரிஞ்சே."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அக்காவுக்கு அவ்வளவு வலித்திருக்காது. நாலு தடவையும் நெட்டை அவளைப் பார்த்து, "நீ பூட்டிட்டேல்லம்மா, அப்ப எனக்கென்ன பயம்?" என்றுதான் இறங்கினார். மேனேஜரை மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துவிட்டு, மாதச் சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு, அவள் நெட்டையை இறங்கவிட்டாள். வெட்கமாக இருந்தது. தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

"நாளைக்குக் காலையில மறுபடியும் இறங்குவாரு," என்றாள். "ஆறாம் நம்பர் சைலோ. நான் இருக்க மாட்டேன்."

"இன்ஸ்பெக்டர் ஆபீஸ் எத்தன மணிக்கு மூடுவாங்க?"

"அஞ்சு."

தங்கை மணியைப் பார்த்தாள். நாலே கால்.

"அப்ப எதுக்கு இன்னும் நின்னுட்டிருக்க? ஓடு!"