வேலி போதும் என்றார் மெக்கானிக்

அந்தப் பந்தயத் தடம் முதலில் விமானங்கள் இறங்கிய இடம். போர் முடிந்ததும் விமானங்கள் போய்விட்டன, நீளமான தார்ப்பாதை மட்டும் மிஞ்சியது. நர்ஸின் எதிர்வீட்டு மெக்கானிக்கின் அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் அதன் இரண்டு முனைகளையும் வளைத்துச் சேர்த்து மோட்டார் பந்தயம் விட ஆரம்பித்தார்கள். கடைசி வளைவுக்கு மாமியார் வளைவு என்று பேர். எவ்வளவு பணிந்து போனாலும் ஏதாவது குற்றம் கண்டுபிடித்துக் கீழே தள்ளிவிடும். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊரே அங்கேதான் கிடக்கும். "அந்தச் சத்தத்துலதான் எனக்குப் பல்லே முளைச்சுது" என்பார் மெக்கானிக்.

நர்ஸுக்கு அந்தச் சத்தம் ஆகவே ஆகாது. சனிக்கிழமை ராத்திரி டூட்டி முடித்து வந்து தலையைச் சாய்ப்பாள்; என்ஜின்கள் உறும ஆரம்பிக்கும். காதில் பஞ்சு, தலைமேல் தலையணை, எதுவும் உதவாது. பஸ் கண்டக்டரான அவள் கணவர் பக்கத்தில் குறட்டை விடுவதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓடிக்கொண்டிருந்த காரிலிருந்து ஒரு சக்கரம் கழன்றது. வேலியைத் தாண்டி, பின்தெருவைத் தாண்டி, நர்ஸ் வீட்டுக் கொல்லையில் துணிக்கொடியை அறுத்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவள் மகள், வாளியை எடுக்க அப்போதுதான் உள்ளே போயிருந்தாள்.

முதலில் ஓடி வந்தவர் மெக்கானிக்தான்.

"தங்கச்சி, பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார். "வேலி குட்டைன்னு நானும் கத்திக்கிட்டேதான் இருக்கேன். ரெண்டு ஆள் உயரத்துக்குத் தூக்கிட்டாப் போதும். நானே நின்னு வெல்டிங் பண்ணித் தரேன்."

"வேலி போதும்ண்ணே. அதையே கேக்கலாம்" என்றாள் நர்ஸ். மனதாரத்தான் சொன்னாள்.

சக்கரம் விழுந்ததைப் பற்றிப் பேச நடந்த நகராட்சிக் கூட்டத்துக்கு மெக்கானிக்கால் வர முடியவில்லை. தன் மகளுக்கு வெளியூரில் பந்தயம் இருந்தது. "அதான் நீங்க இருக்கீங்களே, பேசிக்குவீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நர்ஸ் டூட்டியிலிருந்து நேராகக் கூட்டத்துக்குப் போனாள். கண் எரிந்தது.

"பாதிக்கப்பட்டவங்க நீங்கதாம்மா" என்றார் தலைவர். "வேலியைத் தூக்கினாப் போதுமா, இல்ல மொத்தமா மூடிடலாமா? நீங்க சொல்றதுதான்."

"மூடிடுங்க" என்று அவள் வாயிலிருந்து வந்தது. மகளைப் பற்றிப் பேசினாள். குரல் தழுதழுத்தது, கூடமே அடங்கிப்போனது. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் பேசும்போது அவள் கண்முன் நின்றது மகள் இல்லை, வீட்டில் கிடந்த தலையணை.

அடுத்த வாரமே தடத்தின் வாசலில் பூட்டு தொங்கியது. பந்தயக்காரர்கள் யாரும் அந்தக் கூட்டத்தில் இல்லாததால், நகராட்சி தானாக எடுத்த முடிவு என்றுதான் மெக்கானிக் நினைத்தார். "நீங்களும் எவ்வளவோ சொல்லியிருப்பீங்க தங்கச்சி, அவனுங்க கேட்டாத்தானே" என்று அவளுக்கே ஆறுதல் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போனாள். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நன்றாகத் தூங்கினாள்.

மெக்கானிக்கின் மகளைக் குருவி என்று கூப்பிடுவார்கள். ஒல்லி, ஓரிடத்தில் நிற்கமாட்டாள். பாவாடை கட்டிய வயதிலிருந்து அந்தத் தடத்தில் பைக் ஓட்டியவள். தடம் மூடியதும் அவளும் நாலைந்து சிநேகிதர்களும் ஞாயிற்றுக்கிழமை விடியலில் பைபாஸ் சாலைக்குப் போக ஆரம்பித்தார்கள். விஷயம் நர்ஸின் காதுக்கும் வந்தது.

"ரோட்டுல வேணாம்டி" என்று ஒருநாள் தெருவில் மறித்துச் சொன்னாள்.

"வேற எங்க அத்தை ஓட்டுறது? நீங்களே ஒரு இடம் சொல்லுங்க, போறேன்" என்று சிரித்தாள் குருவி.

நர்ஸ் வழியை விட்டு விலகினாள்.

குருவியை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்த காலையில் அவசரப் பிரிவில் நர்ஸுக்குத்தான் டூட்டி. லாரிக்காரர் கவனிக்காமல் திரும்பியிருக்கிறார். பூட்ஸைக் கத்தரியால் வெட்டி எடுத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இடது கால், முழங்காலுக்குக் கீழே மிஞ்சாது.

"அத்தை, அப்பாகிட்ட பாத்துச் சொல்லுங்க" என்றாள் குருவி. பல் கிட்டித்தது.

அறுவை முடிந்தபின், மெக்கானிக்கின் மனைவி நர்ஸின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க மட்டும் இன்னைக்கு இல்லாமப் போயிருந்தா!" வீட்டுக்கு வந்த பிறகும் பார்ப்பவர்களிடமெல்லாம் நர்ஸின் புகழ்தான் பாடினாள். நர்ஸுக்குச் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. "உனக்கு உடம்புக்கு என்ன?" என்று கணவரே கேட்கும்படி ஆகிவிட்டது.

மறுபடி நகராட்சிக் கூட்டத்துக்குப் போனாள். தடத்தைத் திறக்கச் சொல்லிக் கேட்டாள்.

தலைவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மூடச் சொன்னதும் நீங்க, திறக்கச் சொல்றதும் நீங்களா? அங்க குடோன் வரப்போகுதும்மா. தாரைப் பேத்தாச்சு." கூடத்தில் யாரோ சிரித்தார்கள்.

இனி இது வேறு யார் வாயிலிருந்தாவது மெக்கானிக்குக்குப் போய்ச் சேரும். அங்கிருந்து நேராக அவர் பட்டறைக்குப் போனாள். அவர் ஒரு கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அன்னைக்கு நான் வேலி கேக்கல. மூடச் சொன்னது நான்தான்."

அவர் கழுவுவதை நிறுத்தவில்லை.

"பாப்பாவுக்காகன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. ஆனா, என் தூக்கத்துக்காகத்தான் சொன்னேன்."

பிறகு கார்புரேட்டரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "வேலி போதும்னு என்கிட்ட சொன்னீங்களே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். புரியாத குழந்தை கேட்பதுபோல் கேட்டார்.

தினமும் போவதுபோல் மறுநாளும் குருவியின் காயத்துக்குக் கட்டு மாற்ற அவர்கள் வீட்டுக்குப் போனாள். மெக்கானிக் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அவர் மனைவி வெந்நீரை வைத்துவிட்டு, சுவர் பக்கம் திரும்பி நின்றாள்.

நர்ஸ் பழைய துணியை நனைத்து மெல்லப் பிரித்தாள்.

"அப்பா சொன்னாரு" என்றாள் குருவி.

"ம்."

"எனக்குக் கோபமா இருக்கு அத்தை. ராத்திரி பூரா உங்களைத் திட்டிக்கிட்டே படுத்திருந்தேன்."

"திட்டு."

"ரோட்டுக்குப் போனது நான்தான். அதுக்காக உங்களைச் சும்மா விட்டுட முடியுமா, தெரியல." புதுக் கட்டு முடிகிறவரை காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆஸ்பத்திரில வேற நர்ஸு மாத்தினா உயிர் போகுது. நீங்க மாத்தினா அவ்வளவா வலிக்கல. நாளைக்கும் வாங்க."

"வரேன்" என்றாள் நர்ஸ். கழுவிய தண்ணீரைக் கொட்டக் கொல்லைப்பக்கம்தான் போகவேண்டும். அங்கே மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள்.