கல்லறைக் கூரைக்கடியில் இருவர்

மனித அறிவு தோற்ற இடத்தில் இயந்திர அறிவு துவாலுத் தீவுகளைக் காக்கும் என்று அமைச்சர் எங்கள் ஊர்மன்றக் கூடத்தில் முழங்கினார். முழக்கம் முடிவதற்குள், தரைக்கடியிலிருந்து ஊறிவந்த கடல்நீர் வாசலில் கிடந்த அவருடைய செருப்பைக் கொண்டுபோய்விட்டது.

ஒரு தடுப்புச் சுவருக்குத்தான் நிதி. கூடத்துப் பக்கமா, செலுகா வீட்டுப் பக்கமா? ஆள் அதிகம் புழங்கும் பக்கம் எதுவென்று இயந்திரம் சொல்லும். அதன் கேமராக் கண்களைத் தென்னைகளிலும் கூடத்து உத்தரத்திலும் கட்டியிருந்தார்கள்.

செலுகா வீட்டு முற்றத்தில் அவள் புருஷன் பெனியேலியின் கல்லறை. எல்லார் வீட்டிலும் இருப்பதுதான்: தகரக் கூரை, பிளாஸ்டிக் பூ, சூரிய விளக்கு. மதிய வெயிலுக்கு அந்தச் சிமெண்டுதான் குளிர்ச்சி என்று பாயை விரித்துப் படுப்போம். இப்போது அலை அதன் கால்மாட்டை அரித்துக்கொண்டிருந்தது.

"அவரத் தோண்டி எடுத்துக்கிட்டு நான் எங்க போவேன்?" இதைத் தவிர செலுகாவுக்கு வேறு பேச்சில்லை.

முடிவைக் கேட்கக் கூடினோம். மேசைமேல் வைத்திருந்த இயந்திரப் பெட்டி பேசியது: "பெனியேலி வீடு. இருவர்."

"அது வீடில்ல, கல்லறை. திருத்து தம்பி," என்றார் தலைவர் லுசாமா.

பெட்டியோடு வந்திருந்த பொறியாளர் திருத்தினார்.

"கல்லறை. இருவர்."

லுசாமா திரும்பினார். "ஏன் அண்ணி, மத்தியானம் உங்ககூட யாரு படுக்குறா?"

"இந்த வயசுல எனக்கு வேற யாரு வரப்போறா கொழுந்தனாரே? உங்க அண்ணன்தான்."

சிரித்தோம். சோதித்துவிடுவோம் என்று அவளை மகள் வீட்டுக்கு அனுப்பிவைத்து, மறுநாள் மதியம் மறுபடி கேட்டோம்.

"கல்லறை. ஒருவர். படுத்திருக்கிறார்." கொஞ்சம் நிறுத்தி, "எழுந்து உட்காருகிறார்," என்றது.

போய்ப் பார்க்கலாம் என்று எல்லாரும் சொன்னோம். யாரும் எழுந்திருக்கவில்லை.

"கேமரா கண்ணுல உப்புக்காத்து பட்டிருக்கும்," என்றார் பொறியாளர், நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

"அப்போ இந்தக் கூடத்த எண்ணச் சொல்லு. பெட்டியோட யோக்கியத தெரிஞ்சிடும்," என்றார் லுசாமா.

"மன்றக் கூடம். யாருமில்லை."

லுசாமா எழுந்து, உத்தரத்தைப் பார்த்து இரண்டு கைகளையும் ஆட்டினார். "நல்லாப் பாரு! நான் தலைவர்!"

"யாருமில்லை."

செலுகா வீட்டுப் பக்கம் சுவர் எழும்பிவிட்டது. கல்லறை நனைவதில்லை.

அன்றைக்குக் கூடத்தில் நாங்கள் பதினொரு பேர் இருந்தோம்.