பனந்துண்டுக்கு இந்தப் பக்கம்

தேசப்பனுக்குச் சர்க்கரை வியாதி, தினமும் நடக்கணும் என்று கும்மிடிப்பூண்டி டாக்டர் சொன்னதிலிருந்து, படகிலேயே காலம் கழித்தவன் தரையில் நடக்க ஆரம்பித்தான். எழுபத்தைந்தாம் வருஷத்து வாக்கில், ஏரிக்கரைக் குப்பத்துக்கு இது புதுக் கூத்து. வலையும் கூடையும் இல்லாமல் ஓடைக்கரையைப் பிடித்துப் போவான். பறவை சுடக் கூடாது என்று சர்க்கார் போர்டு நட்ட நாரைச் சதுப்பைச் சுற்றிக்கொண்டு, கிளம்பின இடத்துக்கே வந்து நிற்பான். காணாமல் போன மாட்டைத் தேடுறியா மாமா என்று பெண்டுகள் கேலி பண்ணுவார்கள்.

அவன் பெண்டாட்டி செல்லியம்மாளுக்குக் கேலி பெரிசில்லை. பொழுது சாய்ந்தால் அவனுக்குக் கண் மங்கும். அதை அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான். அந்தச் சுற்றிலோ, ஓடை கரையை அறுத்துச் சதுப்புக்குள் போகிற இடத்தில் ஒற்றைப் பனந்துண்டுதான் பாலம். ஏரித் தண்ணீர் ஏறினால் கீழே ஆள் ஆழம்.

அன்றைக்கு மத்தியானம் மடவை மீன் குழம்பில் புளி தூக்கல் என்று அவன் சொல்லப்போக, இவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவனும் கோபத்தில் படுத்துத் தூங்கி, நேரங்கழித்து எழுந்து, சொல்லாமலே கிளம்பிவிட்டான். வெயில் இறங்க இறங்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உலையை இறக்கி வைத்துவிட்டு அவன் போன வழியே ஓடினாள்.

நாரைகள் கூட்டமாய் இறங்கிக் கத்துகிற நேரம். தூரத்தில் அவன் தோள் துண்டு வெள்ளையாய்த் தெரிந்தது. இந்தாய்யா என்றாள், நில்லு என்றாள். யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவன் போய்க்கொண்டே இருந்தான். கட்டினவன் பேரை அவள் அதுவரை வாயில் எடுத்ததில்லை, கண்ணுங்களா. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைத்தான் சொல்லச் சொல்லுவாள். இப்போது என்ன செய்வாள்? கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கத்தினாள்.

"தேசப்போவ்!"

அவன் நின்றான். திரும்பவில்லை. பிறகு முன்னைவிட வேகமாய் நடந்தான். இன்னொரு தரம் கூப்பிட்டாள், ஓடவே ஆரம்பித்துவிட்டான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தியில் முதுகுக்குப் பின்னால் பொம்பளைக் குரல் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அது மோகினி, திரும்பாதே என்றுதானே அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பது. பெண்டாட்டி தன் பேரைச் சொல்லுவாள் என்று அவன் கனவிலாவது நினைப்பானா? பனந்துண்டு கிட்டத்தில் இருக்கிறது. இவள் கூப்பிடக் கூப்பிட அவன் அதைப் பார்த்துத்தான் ஓடுகிறான்.

மோகினிக்குத் தெரியாதது தனக்கு என்னதான் தெரியும்?

"மடவைக் கொழம்புல புளி தூக்கலா கீதுன்னு சொல்லிக்கினே சட்டிய வழிச்சித் துன்னியே, அந்த நாக்குக்கு ருசி ஒரு கேடு! நில்லுய்யா, எதிர்ல பனந்துண்டு!"

அவன் கால் அப்படியே நின்றுவிட்டது. ஓரடிக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் கரையை நக்கிக்கொண்டிருந்தது.

மூச்சு வாங்க வந்து சேர்ந்தவளின் கையை அவன் தடவிப் பார்த்தான். வளையலை நெருடிப் பார்த்தான்.

"மொதல்லயே திட்டிக்கினு வந்திருக்கலாமில்ல" என்றான்.

அன்றைக்குச் சுற்று முடியவில்லை. அவன் தோள் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நடக்க, இரண்டு பேரும் வந்த வழியே திரும்பினார்கள்.