பங்கஜவல்லி தெரியாமல் இருந்த காலம்

மைசூர் குவெம்புநகரில் யதுநந்தனின் மனைவி பங்கஜவல்லி கண்ணுக்குத் தெரியாமல் போய் ஒரு மழைக்காலமே கழிந்த பிறகுதான் வீட்டார் அதைக் கவனித்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. காலைக் காபி நேரத்துக்கு வந்தது. தளிகை ஆனது. துவைத்த வேஷ்டி மடிப்புக் கலையாமல் அலமாரியில் ஏறியது. இவ்வளவும் நடக்கிற வீட்டில், நடத்துகிறவள் தெரிகிறாளா என்று எவன் விளக்கைப் போட்டுப் பார்ப்பான்? பங்கஜவல்லி மட்டும் முதல் வாரமே கண்ணாடியில் தன்னைக் காணாமல் கண்ணாடியை நன்றாகத் துடைத்தாள். துடைத்தும் தெரியவில்லை. "ஏன்னா, நான் தெரியறேனா?" என்று கணவரைக் கேட்டாள். லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த யதுநந்தன் தலையைத் தூக்காமல், "பேஷாத் தெரியறே" என்றார். குக்கர் கூப்பிட்டது, அவள் போய்விட்டாள்.

இதற்கு மூலகாரணம் கடல். மைசூருக்குக் கடல் கிடையாது. ஆனாலும் யதுநந்தன் உறுப்பினராக இருந்த புகைப்படக் கழகம் அந்த வருஷப் போட்டிக்குக் கடல்தான் வேண்டும் என்று அறிவித்துவிட்டது. சோம்பேறிகள் குக்கரஹள்ளி ஏரியை எடுத்துக் கடல் என்று அனுப்பினார்கள். அந்தப் படங்களில் அக்கரையில் நடைப்பயிற்சிக்காரர்கள் கைவீசிக்கொண்டிருந்தார்கள். யதுநந்தன் அப்படிப்பட்டவர் அல்ல. காப்பீட்டு அலுவலகத்தில் மூன்று நாள் விடுப்புப் போட்டு, முக்காலியும், லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற கறுப்புக் கண்ணாடியும் வாங்கி, மனைவியையும் மகள் அபூர்வாவையும் காரில் ஏற்றிக்கொண்டு மலைப்பாதை இறங்கி மல்பே கடற்கரைக்குப் போனார். கறுப்புக் கண்ணாடியை மாட்டி, ஷட்டரைச் சில நிமிஷம் திறந்தே வைத்தால் அலையெல்லாம் கரைந்து, கடல் உறைந்த தயிராகப் படத்தில் விழும். அதுதான் வித்தை.

பாறைமேல் மனைவியையும் மகளையும் உட்காரவைத்து, அசையக் கூடாது என்று கட்டளையிட்டு ஷட்டரைத் திறந்தார். நேரம் பார்க்கக் கைபேசியை எடுத்தால் அது அணைந்து கிடந்தது. மேலுக்கோட்டை ஐயங்கார் வம்சத்துக்கு இதெல்லாம் ஒரு குறையா? நாலு பாசுரம் சேவித்தால் நிமிஷக் கணக்குச் சரியாக வரும் என்று மெல்ல ஆரம்பித்தார். அங்கேதான் வினை. மேலுக்கோட்டையிலிருந்து சுற்றுலா பஸ்ஸில் வந்திருந்த கூட்டம் ஒன்று பக்கத்தில் நின்றிருந்தது. பாசுரம் காதில் விழுந்ததும் அவர்கள் ஈர வேஷ்டியோடு இரண்டு வரிசையாக நின்று குரல் சேர்த்துக்கொண்டார்கள். கோஷ்டி என்று கூடிவிட்டால் நடுவில் நிறுத்துவது அபசாரம். கடைசிப் பாசுரமும் பாடிச் சாத்துமுறை ஆகும்வரை ஷட்டர் பக்கம் கையைக் கொண்டுபோக யதுநந்தனுக்குத் துணிச்சல் வரவில்லை.

அவ்வளவு நேரமும் அபூர்வா கைபேசியில் கண்ணை நட்டபடி சிலையாக இருந்தாள். பங்கஜவல்லிக்கு அது எப்படிச் சாத்தியம்? புளியோதரைப் பாத்திரத்தைக் காக்கை கிளறியது, போய் விரட்டினாள். செருப்பை அலை இழுத்தது, ஓடிப் பிடித்தாள். கோஷ்டியில் ஒரு பெரியவருக்குத் தொண்டை வறண்டது, தீர்த்தம் கொண்டுபோய்க் கொடுத்தாள். சாத்துமுறை ஆனதும் எல்லாருக்கும் புளியோதரை கொடுத்ததும் அவளேதான். படத்தில் அபூர்வாவின் ஜிமிக்கி வரைக்கும் துல்லியமாக விழுந்திருந்தது. பங்கஜவல்லி இருந்த இடத்தில் லேசான பனிமூட்டம். படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. இல்லாமையை இவ்வளவு அழகாக யாரும் எடுத்ததில்லை என்று நடுவர் மேடையில் கண் கலங்கினார். அந்த இல்லாமை முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தது.

விஷயம் வெளியே வந்தது அபூர்வாவைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு. பிள்ளையின் அம்மா செலுவநாயகி கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பொண்ணோட அம்மா ஊர்ல இல்லையா?" என்று கேட்டாள். "உங்க முன்னாடிதான் காபித் தட்டோட நிக்கறேன்" என்றது பங்கஜவல்லியின் குரல். தட்டு மட்டும் நின்றது. யதுநந்தனுக்கும் அபூர்வாவுக்கும் அப்போதுதான் உறைத்தது. செலுவநாயகி பதறுகிற பெண்மணி அல்ல. காற்றிலிருந்து டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"காபி நன்னா இருக்கு. ஆனா நிச்சயதார்த்தத்தன்னிக்குத் தட்டு மாத்திக்கறச்சே அம்மா கண்ணுக்குத் தெரியணும். எங்காத்து மனுஷா நாலு பேர் வருவா. ஆகாசத்துலேந்து தாம்பூலம் வாங்கிண்டோம்னு சொல்லிக்க முடியாது. தெரியலைன்னா இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

அபூர்வாவுக்கு அந்தப் பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது. அவள் அழ ஆரம்பித்தாள். கண் டாக்டர் வீட்டார் எல்லாருடைய கண்ணையும் சோதித்துவிட்டு, குறை ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார். கடைசியில் கழகத்தின் செயலாளர் உதயகுமார் வந்து பரிசு வாங்கிய படத்தைப் பார்த்தார். "ஷட்டர் அளவுக்கு மேல தெறந்திருக்கு சார். இவ்ளோ நேரம் தெறந்து வெச்சா அசையாதது மட்டுந்தான் நிக்கும். மேடம், நீங்க சும்னே, ஒரு வேலையும் செய்யாம உக்காருங்க. தானா தெரிவீங்க" என்றார். பங்கஜவல்லி உட்கார்ந்தாள். முதலில் புடவைக் கரை தெரிந்தது, பிறகு மெட்டி, வளையல், முழங்கை. மூக்குத்தி வரை வந்தபோது பால் பொங்கியது. எழுந்தாள், எல்லாம் போயிற்று.

"அம்மா, ப்ளீஸ், எழுந்துக்காதே" என்றாள் அபூர்வா. பங்கஜவல்லிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை, அதுவும் அவளுக்காக அல்ல. சரி, உட்கார்ந்தே காட்டுகிறேன் என்று நாற்காலியைக் கூடத்தின் நடுவில் போட்டுக்கொண்டாள். அடுக்களை யதுநந்தன் தலையில் விழுந்தது. பெருங்காயம் எங்கே என்று கேட்டார், பிறகு உப்பு எங்கே, பிறகு அடுக்களை விளக்கின் சுவிட்ச் எங்கே. பெண்ணின் நிச்சயத்துக்குச் சத்திரம் பேசவும் சமையல்காரரைப் பிடிக்கவும் பத்திரிகை கொடுக்கவும் அவரே அலைந்தார். நாளடைவில் பங்கஜவல்லி புடவை ஜரிகையை எண்ணுகிற அளவுக்குத் துலங்கினாள். யதுநந்தன் முழங்கையிலிருந்து மங்க ஆரம்பித்தார்.

நிச்சயதார்த்தத்தன்று சத்திரத்து மேடையில் பங்கஜவல்லி அரக்குப் பட்டில் ஜொலித்தாள். செலுவநாயகியின் மனுஷர்கள் நாலு பேர் என்று நாற்பது பேர் வந்து அவளை ஆசை தீரப் பார்த்தார்கள். லக்னப் பத்திரிகை வாசிக்கிற நேரத்தில் வாத்யார் மட்டைத்தேங்காய் கேட்டார். காணோம். பச்சைப் பையில், வெற்றிலைக்கு அடியில் இருக்கிறது என்று பங்கஜவல்லிக்குத் தெரியும், ஏனென்றால் பையைக் கட்டச் சொன்னவளே அவள். கால் தானாகத் துடித்தது. எழுந்தால் ஒரு நிமிஷ வேலை, ஆனால் எழுந்தால் சம்பந்தம் போச்சு. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பச்சைப் பை" என்று மட்டும் சொன்னாள். மண்டபம் நெடுகப் பைகள் தாமாகத் திறந்து மூடின. கடைசியில் மட்டைத்தேங்காய் காற்றில் மிதந்து வந்து தட்டில் உட்கார்ந்தது.

"பொண்ணோட அப்பா எங்கே?" என்று யாரோ கேட்டார்கள். "வேலையா இருக்கார்" என்றாள் பங்கஜவல்லி. அவ்வளவுதான். தட்டின் ஒரு பக்கத்தை அவள் பிடித்திருந்தாள், மறுபக்கத்தை யாரும் பிடிக்கவில்லை, தட்டு சாயவும் இல்லை. ஆகாசத்திலிருந்து தாம்பூலம் வாங்க மாட்டேன் என்ற செலுவநாயகி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். சம்பந்தம் நிலைத்தது. வாங்கிக்கொண்டு அவள் சொன்னாள், "கண்ணுக்கே தெரியாம உழைக்கறாரே மனுஷன். உங்காத்துக்காரர் மாதிரி ஒருத்தர் கெடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்." முன்வரிசை ஆமாம் ஆமாம் என்றது. பந்தியிலும் அதே பேச்சு. ஒரு மழைக்காலம் முழுக்கத் தெரியாமல் இருந்தவளுக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகச் சிரிப்பு வந்தது. எழுந்து நின்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நினைத்தாள். எழுந்தால் கேட்பது யார் என்று தெரியாது. உட்கார்ந்தபடியே இன்னொரு கரண்டி அக்காரவடிசல் போடச் சொன்னாள். கரண்டி வந்தது.

அபூர்வா இப்போது பெங்களூரில் இருக்கிறாள். கணவனும் அவளும் முறைவைத்துத் தெரிகிறார்கள். குவெம்புநகர் வீட்டிலும் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கூடத்தில் யாராவது கண்ணில் பட்டால் ஒரு வேலை சொல்லிவிடுகிறார்கள்.