பொட்டு வைக்காத விமானம்

என் வீட்டுக்காரர் மருதப்பனுக்கு விமானத்தின் இன்ஜினைக் கழற்றி மாட்டத் தெரியும். தேங்காய் உடைக்கத் தெரியாது. அவர் அடித்தால் ஒன்று தேங்காய் உருண்டோடும், இல்லாவிட்டால் அவர் விரல் வீங்கும். அதனால் நோரிஸ் ரோட்டில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைத் தேங்காயை நான்தான் உடைப்பேன். பொம்பளை உடைக்கக் கூடாது என்று மாடி வீட்டு லட்சுமி சொல்லிப் பார்த்தாள். "அப்ப உன் வீட்டுக்காரரை அனுப்பி வை" என்றேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்பேர்ப்பட்ட மனிதர் தேங்காயால் அடித்து ஒரு விமானத்தின் காலை உடைத்துவிட்டார் என்று 1959இல் சொன்னார்கள். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வயிறு எரிந்தது.

அப்போது அவருக்குப் பாய லேபார் விமான நிலையத்தில் வேலை. அவருடைய கம்பெனியிடம் பினாங்குக்குப் பறப்பதற்கென்று ஒரே மாதிரி இரண்டு விமானங்கள் இருந்தன. இரண்டும் இங்கிலாந்தில் ஒரே தொழிற்சாலையில் செய்தவை. ஆயுத பூஜை அன்று ஒன்று பினாங்குக்குப் போய்விட்டது. கொட்டகையில் நின்ற மற்றதற்கு நம் ஆட்கள் பூஜை போட்டார்கள். ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் சந்தனம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், சக்கரத்தைத் தாங்குகிற காலின் மேல்முனையில் குங்குமப் பொட்டு. குங்குமம் என்னுடையது. இந்த ஊர் வேர்வைக்குப் பொட்டு நிற்காது என்று அதில் நல்லெண்ணெய் விட்டுக் குழைத்து வைப்பது என் வழக்கம். அதில் கொஞ்சம் மடித்துக்கொண்டு போயிருந்தார்.

மறுநாள் துடைத்தபோது மற்ற பொட்டெல்லாம் போய்விட்டது. காலில் வைத்தது மட்டும் மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடாக நின்றது. மண்ணெண்ணெய் துணியால் அழுத்தித் துடைத்தார்களாம். கோடு மறைந்தது, சற்று நேரத்தில் மறுபடி கசிந்தது. விமானங்களைச் சோதிக்கிற பெரிய இன்ஸ்பெக்டர் இராஜரத்தினம் வந்து பார்த்தார். இரும்பில் வெடிப்பு, குங்கும எண்ணெய் அதற்குள் இறங்கியிருக்கிறது என்றார். விமானத்தை உடனே நிறுத்திவிட்டார்கள்.

தொழிற்சாலைக்குத் தந்தி போனது. எங்கள் கால் தானாக வெடிக்காது, யாரோ பலமாக அடித்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது. கொட்டகையில் என்னத்தை அடித்தீர்கள் என்று மேனேஜர் விசாரித்தார். சக்கரத்துக்குப் பக்கத்தில் தேங்காய் உடைத்தது தெரிந்தது. மூத்த ஆள் என்று மரியாதைக்கு அதை யார் கையில் கொடுத்திருந்தார்கள்? என் வீட்டுக்காரர் கையில். ஊரில் எத்தனையோ மரியாதை இருக்க, இதுவா இவருக்குக் கிடைக்க வேண்டும்?

அன்று சாயங்காலம் இராஜரத்தினம் வீட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலேயே பேசினார்.

"மருதப்பன், நான் சொல்லுறதைக் கேளுங்கோ. தேங்காய் தவறிப் பட்டுட்டுது எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. ஆறு மாசம் ஸ்டோரில போடுவினம். வேலை போகாது. இல்லையெண்டு நிண்டா மேனேஜர் விடமாட்டார்."

"படலையே சார். தரையில உடைச்சேன். அதுவும் ஒழுங்கா உடையல."

"எனக்குத் தெரியும். ஆனா பொறுப்பைத் தலையில தூக்கி வைக்க அவைக்கு ஒரு ஆள் வேணும்."

தொழிற்சாலையின் ஆள் ஒருவர் ஹாங்காங்கிலிருந்து சனிக்கிழமை வருகிறார், அதற்குள் யோசியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே என் தங்கை தங்கம் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். பிரசவத்துக்குப் பினாங்கிலிருந்து வந்தவள். கைக்குழந்தையோடு ஞாயிற்றுக்கிழமை திரும்புவதாக இருந்தது. இவர் வேலை செய்கிற கம்பெனி என்பதால் விமான டிக்கெட் சலுகையில் கிடைத்தது. விமானத்தில் போகப்போகிறேன் என்று தேக்கா மார்க்கெட்டில் கீரைக்காரி வரைக்கும் சொல்லி முடித்துவிட்டாள். அதற்கென்று ஒரு நைலக்ஸ் சேலை வேறு.

"ஆமான்னு சொல்லிடுங்க, ஸ்டோர்ல உக்காந்து எண்ணெய் டின் எண்ணினா கொறஞ்சா போயிடுவீங்க?" என்றேன்.

"இங்க பாரு, நான் அடிச்சேன்னு சொன்னா இது அந்த ஒரு காலோட முடிஞ்சிடும். செஞ்ச இடத்துலயே கோளாறுன்னா இன்னொண்ணுலயும் இருக்கும்ல? அதை யாரு பாப்பாங்க? தங்கம் போறது அந்த இன்னொண்ணுலதான்."

நான் தங்கத்தின் டிக்கெட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "அப்ப டிக்கெட்டைக் கேன்சல் பண்ணுங்க. ரயில்ல போகட்டும்."

"பண்ணலாம். அந்த சீட்டுல வேற ஒரு பொண்ணு பிள்ளையோட உக்காருவா, அவ்ளோதான்."

சொல்லிவிட்டுப் படுத்தவர் உடனே குறட்டையும் விட்டார். வேலை போகப்போகிற மனிதர் குறட்டை விட்டதைப் பார்த்து எனக்கு ஆத்திரம் வந்தது. கூடவே ஒரு பிரியமும் வந்தது. அதை மறைப்பானேன்? இந்த மனிதருக்கு வாழ்க்கைப்பட்டதில் எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் இராஜரத்தினத்தின் கார் வாசலில் நின்றது. தொழிற்சாலையிலிருந்து வந்த விட்காம் என்கிற வெள்ளைக்காரர் அதே குங்குமத்தைக் கொண்டுவரச் சொன்னாராம்.

"சிமிழைத் தாங்கோ, நான் கவனமாக் கொண்டுபோறன்."

அது என் தாய் கல்யாணத்துக்குக் கொடுத்த வெள்ளிச் சிமிழ். குங்குமச் சிமிழை வெளி ஆம்பளை கையில் கொடுத்தனுப்புகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. "சிமிழு வரணும்னா நானும்தான் வரணும்" என்று சேலையை மாற்றிக்கொண்டு காரில் ஏறினேன்.

கொட்டகையில் என் வீட்டுக்காரர் தப்புச் செய்த பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்றார். பக்கத்தில் விட்காம், நெட்டையாக, வெயிலில் சிவந்துபோய். மேஜைமேல் ஒரு தேங்காய் இருந்தது. அன்றைக்கு எவ்வளவு பலமாக அடித்தீர்கள், செய்து காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

இவர் தேங்காயை ஓங்கித் தரையில் அடித்தார். அது உடையாமல் எகிறி மேனேஜரின் சப்பாத்துக் காலடியில் போய் நின்றது. எடுத்துவந்து மறுபடி அடித்தார். இந்தத் தடவை விரலைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் எங்கெங்கோ பார்த்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. நேரே போய்த் தேங்காயை வாங்கி, குடுமியைப் பிடித்து, தரையில் ஒரே போடு. இரண்டு மூடியும் சரிபாதியாகப் பிரிந்தன.

"எங்க வீட்ல உடைக்கிறது நான்தான்னு அவர்கிட்ட சொல்லுங்க சார். இவர் தேங்காயையே உடைக்கல, இரும்பை எங்க உடைக்கப் போறாரு?"

இராஜரத்தினம் சிரிப்பை அடக்கிக்கொண்டு இங்கிலீஷில் சொன்னார். விட்காம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, கொட்டகைக்கு வெளியே பார்த்தார். பினாங்கிலிருந்து வந்திறங்கிய இரண்டாவது விமானம் அங்கே நின்றது. பூஜை போடாத விமானம். அதன் பக்கத்தில் எந்தத் தேங்காயும் உடைந்ததில்லை. அவர் அதைக் காட்டி ஏதோ கேட்டார். நாளைக்குக் காலையில் பறக்க வேண்டியது என்று மேனேஜர் முகத்தைச் சுளித்தார்.

விட்காம் என் பக்கம் திரும்பினார். நான் சிமிழைத் திறந்து நீட்டினேன். அவர் விரலில் குங்குமத்தைத் தொட்டு, வெளியே போய், குனிந்து, சக்கரத்துக் காலின் அதே இடத்தில் தடவினார். கொஞ்ச நேரம் காத்திருந்தோம். துணியால் துடைத்தார். நல்ல வெயில், எனக்கும் தெரிந்தது. மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு.

அவர் அதை மறுபடி துடைத்தார். மறுபடி வந்தது. எழுந்து நின்றபோது அவர் முகத்தில் சிவப்பே இல்லை. இதுவும் அடிபட்டதுதான் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், இதற்கும் யாரோ ஒரு தேங்காய்க்காரனைத் தேடியிருப்பார்கள். அவர் மேனேஜரைப் பார்த்து மெதுவாகப் பேசினார். இராஜரத்தினம் எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"இது தங்கட பிழையாம். இந்தக் காலைச் செய்தது தாங்களாம், பதில் சொல்ல வேண்டியதும் தாங்களாம். இதே மாதிரிப் பிளேன் எந்த நாட்டில பறந்தாலும் இண்டைக்கே நிப்பாட்டச் சொல்லித் தந்தி குடுக்கப் போறாராம். மருதப்பனிட்ட மன்னிப்புக் கேக்கிறார்."

என் வீட்டுக்காரர் வீங்கின விரலோடு அவருக்குக் கை கொடுத்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு மூடித் தேங்காயை விட்காமிடம் கொடுத்து, "சாப்பிடச் சொல்லுங்க, நல்ல தேங்காய்" என்றேன். அந்த நேரத்தில் வேறென்ன சொல்வது?

சில மாதம் கழித்துத் தடிமனான புதுக் கால்கள் வந்தன. மாட்டிக் கொடுக்கத் தொழிற்சாலையிலிருந்தே ஆட்கள் வந்தார்கள். இவர் வேலை நிலைத்தது. கொட்டகைக்குள் இனிமேல் தேங்காய் உடைக்கக் கூடாது என்று மட்டும் மேனேஜர் ஒரு உத்தரவு போட்டார். குங்குமத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

தங்கத்துக்குத்தான் மனசு ஆறவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே நைலக்ஸ் சேலையைக் கட்டிக்கொண்டு, தஞ்சோங் பகார் ஸ்டேஷனில் பிள்ளையும் பால் புட்டியுமாக ரயிலேறினாள். ஜன்னல் வழியாக என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊரு பூரா சொல்லிட்டேன் மாமா. இப்ப ரயில்ல போய் இறங்கினா என் மாமியார் சிரிக்கமாட்டாங்களா? ஒரு கோட்டுக்காகவா என் பிளேனை நிறுத்துனீங்க?"

"தப்புதான்லா தங்கம்" என்றார் இவர்.

வெடிப்பு என்றால் என்ன, விமானம் இறங்கும்போது அந்தக் கால் உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அவளுக்கு விளக்க வாயெடுத்தேன். இவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். ரயில் நகர்ந்தது. தங்கம் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, கண்ணுக்கு மறைகிற வரைக்கும் எங்களைத் திட்டிக்கொண்டே போனாள். நாங்கள் இரண்டு பேரும் பிளாட்பாரத்தில் நின்று ஆசைதீரக் கேட்டுக்கொண்டிருந்தோம்.