மாலை போட்ட வாடகை கார்

லீவில் ஊருக்கு வந்தால் ஸ்டெபினுக்கு வீட்டுச் சாப்பாட்டுக்கு அடுத்த ஆசை வாடகை கார்தான். பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறவன். ராஜபாளையத்தில் விஜயபாண்டியின் செல்ஃப் டிரைவ் கடையில் ஒவ்வொரு லீவுக்கும் ஒரு செடான் எடுப்பான். எல்லாம் நடுத்தர வண்டிகள். கூட்டத்தில் நிறுத்தினால் நிறுத்தினவனே தேட வேண்டும். போன லீவு வண்டியில் ஏசி பல்லைக் கிட்ட வைத்தது, மேடு ஏறத்தான் மூச்சு வாங்கியது. அதற்கு முந்தையது சேத்தூர் ரோட்டில் பறந்தது, ஆனால் ஒரு வேகத்தடை விடாமல் வயிறு உரசியது. இந்த முறை கிடைத்த வெள்ளை வண்டியில் பெருமைப்படவும் ஒன்றுமில்லை, குறை சொல்லவும் ஒன்றுமில்லை. சீட்டை யாரோ குள்ளமானவர் முன்னால் இழுத்து வைத்திருந்தார். போனை இணைக்கப் போனால் திரையில் முன்பு வண்டி எடுத்தவர்களின் போன்கள், தனுஷ், ஆஷிகா, கண்ணுச்சாமி என்று ஊரே வரிசையில் நின்றது. முகம் தெரியாதவர்களோடு சேர்ந்து போகிற இந்த சுகம் அவனுக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் இன்று போவது ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, பெண் பார்க்க. வ. புதுப்பட்டியில் ஒரு கல்யாணத்தில் அந்தப் பெண் ஜூடி சிரித்ததைப் பார்த்ததிலிருந்து அவன் மனசு அவனிடம் இல்லை. முன்பு கான்சாபுரத்துச் சம்பந்தம் ஒன்று, "சொந்தக் கார் இல்லையா?" என்ற கேள்வியோடு நின்றுபோனதை அம்மா அமிர்தவல்லி மறக்கவில்லை. வாடகை வண்டி என்று காட்டிக்கொடுக்கும் கறுப்பு நம்பர் பலகை மறையும்படி பெரிய ரோஜா மாலையாக வாங்கி முன்னால் கட்டிவிட்டாள். பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்த வேண்டும் என்பது தனி உத்தரவு.

"வாடகைன்னு வாயத் தெறந்துறாதலே."

"எதுக்கும்மா இந்த வேலை?"

"செத்த நேரம் சும்மா வா."

ஜூடியின் அப்பா வேதசிரோமணி ரிட்டயர்டு போலீஸ் ஏட்டு. வாசலுக்கு வந்தவர் மாலையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"புது வண்டியா தம்பி! ஜெபம் பண்ணாம எப்படி உள்ள கூப்பிடுறது?"

வீட்டாரோடு பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு நிறுத்தி, பானெட்டில் கை வைத்துக் கண்ணை மூடினார். "ஆண்டவரே, இந்த மகனுக்கு நீர் சொந்தமாகக் கொடுத்த வாகனத்துக்காக ஸ்தோத்திரம்..."

ஸ்டெபின் கண்ணைத் திறந்து பார்த்தான். கதவோரம் ஜூடி தலை குனிந்து நின்றாள். மனுஷரிடம் சொன்ன பொய் என்றாலாவது சமாளித்திருப்பான். இது நேரே மேலே போய்க்கொண்டிருந்தது. இதற்கு ஆமென் சொல்லிவிட்டு அவள் முகத்தில் எப்படி விழிப்பது? உண்மையைச் சொன்னாலோ அவளே கிடைக்காமல் போகலாம். பயமாகத்தான் இருந்தது.

"ஐயா, இது வாடகை வண்டி. ராஜபாளையம் விஜயபாண்டி அண்ணனோடது. மன்னிச்சுக்கோங்க."

அம்மா மகனை எரிப்பதுபோல் பார்த்தாள். வேதசிரோமணி கண்ணைத் திறக்கவில்லை, கையையும் எடுக்கவில்லை. ஜெபத்தைத் தொடர்ந்தார்.

"ஆண்டவரே, வண்டிக்காரர் விஜயபாண்டியையும் ஆசீர்வதியும். இந்தத் தம்பிக்குப் பொய் சொல்ல வராதுன்னு இம்புட்டு சீக்கிரமா எனக்குக் காட்டுனதுக்கும் ஸ்தோத்திரம்."

எல்லாரையும் முந்திக்கொண்டு ஆமென் சொன்னது அமிர்தவல்லிதான்.

சிரிப்பை அடக்க மாட்டாமல் ஜூடி வண்டிப் பக்கம் வந்தாள்.

"அடுத்த லீவுல வண்டி எடுக்கையில எங்கிட்டயும் கேளுங்க. நானும் ஓட்டுவேன்."

ஸ்டெபின் சாவியை அப்போதே நீட்டிவிட்டான்.