வயிற்றில் பேசும் கஞ்சி

லாரி நிறுத்தத்தின் வாசலில் விற்ற புளித்த கஞ்சியைக் குடித்தவர்களுக்கு, யாரை நினைத்து ஏங்குகிறார்களோ அவருடைய குரல் சற்று நேரத்தில் வயிற்றிலிருந்து கேட்கும். கஞ்சியின் விலை மற்ற வண்டிகளில் உள்ள விலைதான். குரலுக்கென்று தனியாக வாங்குவதில்லை. சுமை தூக்குகிறவர்கள் ஒரு குவளையை வாயில் கவிழ்த்துக்கொண்டு மூட்டைக்குக் குனியும்போது, ஒருவன் வயிற்றில் பெண்டாட்டி குசலம் விசாரிப்பாள், இன்னொருவன் வயிற்றில் என்றோ செத்த அண்ணன் கெட்ட வார்த்தையில் திட்டுவான். யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்தவர் குடும்ப விஷயம் காதில் விழாத மாதிரி கொஞ்சம் தள்ளி நிற்பார்கள், அவ்வளவுதான்.

கஞ்சிக்காரி தினமும் பானையின் அடியில் ஒரு கரண்டி விட்டுவைத்து, மறுநாள் காய்ச்சி ஆறிய கஞ்சியை அதன்மேல் ஊற்றிக் குழாய்த் தண்ணீரில் கரைப்பாள். பானையைக் கழுவியதே இல்லை. அவள் வயிற்றில் பேசியது புருஷன். மகள் தவழ்கிற வயதில் லாரியோடு ஆற்றில் போனவன். உருப்படியாக எதுவும் சொல்ல மாட்டான். சட்டையை எங்கே வைத்தாய் என்பான், இன்றைக்கு வெயில் ஜாஸ்தி என்பான். அவளும் கரண்டியை ஆட்டிக்கொண்டே பதில் சொல்வாள். மகள் மட்டும் கஞ்சியைத் தொட மாட்டாள். அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். ஆஸ்பத்திரியில் கிருமி வளர்த்துப் பார்க்கிற வேலை. தெருவில் அவள் பெயர் கிருமிக்காரி.

கஞ்சியைப் புளிக்கவைக்கிற கிருமிகளோடு வேண்டாதவையும் பானையில் இருந்தன. குடிநீர்க் குழாயையும் சாக்கடையையும் ஒரே பள்ளத்தில் பதித்திருந்தார்கள்; பதித்தவர்களில் ஒருவரும் அங்கே கஞ்சி குடிக்கிறவர் அல்ல. வயிற்றுப்போக்கு வந்தால் மருந்துக்கடைக்காரர் டாக்டர் சீட்டுக் கேட்காமல் மாத்திரை கிள்ளிக் கொடுப்பார். மாத்திரை போட்டால் போக்கு நிற்கும். கூடவே குரலும் தேயும். தெருவே சேர்ந்து தப்புச் செய்தது அங்கேதான். குரல் மெலிந்த உடனே எல்லோரும் மாத்திரையை நிறுத்தினார்கள். மருந்துக்குத் தப்பிய கிருமிகள் பெருகின. குரல் முன்னைவிடத் தெளிவாகத் திரும்பி வந்தது. தப்பியவை சாக்கடை வழியாகக் குழாய்க்கும், குழாய் வழியாகப் பானைக்கும் வந்துசேர்ந்தன. வருடக்கணக்கில் இதே கதை.

கிருமிக்காரி ஒருநாள் அம்மாவின் கஞ்சியிலிருந்து வளர்த்த கிருமியைக் கண்ணாடித் தட்டில் தடவி, வெவ்வேறு மருந்து தோய்த்த சின்ன வில்லைகளை அதன்மேல் வைத்து மூடினாள். மறுநாள் பார்த்தால், வில்லைகளை ஒட்டியே கிருமி மண்டிக் கிடந்தது. ஒரே ஒரு வில்லையைச் சுற்றித்தான் வெற்றிடம். ஊசி வழியாக மட்டும் ஏற்றுகிற மருந்து அது. நேரே வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

“இதுல இருக்கிற சனியன் ஒரே ஒரு மருந்துக்குத்தான் சாகுதும்மா. இனிமே நல்லா கொதிக்க வச்சுதான் விக்கணும்.”

“கொதிச்சா ஒருத்தரும் பேச மாட்டாங்கடி.”

“பேச வேணாம்னுதான் சொல்றேன்!”

நெட்டை என்கிற சுமைக்காரர் குவளையை மார்போடு அணைத்துக்கொண்டார். “உனக்கென்னம்மா, சொல்லிட்டுப் போயிடுவ. எம்பொண்ணு போனையே எடுக்கிறதில்ல. இதுக்குள்ளதான் அப்பான்னு கூப்பிடுறா.”

கிருமிக்காரி வந்த வழியே திரும்பி நடந்தாள். அப்பா என்று அவள் யாரையும் கூப்பிட்டதில்லை.

மழைக்காலத்தில் அம்மா படுத்தாள். கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. மகள் சொல்லியும், ஆஸ்பத்திரியில் விதிப்படி முதலில் மற்ற மருந்துகளை ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். புருஷன் குரலைக் கொஞ்சமும் தாழ்த்தாமல் பேசிக்கொண்டிருந்தான். கடைசியில் அந்த ஒரு மருந்துதான் பாக்கி. அம்மா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“பாதியில நிறுத்திடச் சொல்லுவியா?”

“மாட்டேன். முழுசா ஏத்தணும்.”

“அவரு போயிடுவாரே.”

“போவாரும்மா. நீ இருப்ப.”

அம்மா, “அப்போ நீ அவருகிட்ட ஒரு வார்த்தை பேசு. அதுக்கப்புறம் ஏத்தட்டும்” என்று கையை நீட்டினாள்.

மகள் குனிந்து அம்மாவின் வயிற்றில் காதை வைத்தாள். இத்தனை நாளும் காதில் விழாத மாதிரித் தள்ளியே நின்றவள், கணீரென்று இருக்கும் என்று நினைத்திருந்தாள். மூக்கடைத்த, சின்னக் குரல்.

“யாரு?”

“நாந்தான்... அப்பா.”

“பாப்பாவா? பல்லு முளைச்சிடுச்சா?”

“முளைச்சிடுச்சுப்பா. எல்லாப் பல்லும் முளைச்சிடுச்சு.”

நர்ஸ் வந்து மருந்துப் புட்டியை மாட்டினார். ஆண் குரலைக் கேட்டு முகத்தைச் சுளித்தார். “துணைக்கு ஒரு ஆளுதான் இருக்கணும். ரெண்டு பேரெல்லாம் கூடாது.”

“அவரு கிளம்பிட்டிருக்காரு சிஸ்டர்” என்றாள் மகள், காதை எடுக்காமல்.

“டாக்டர் வர்றதுக்குள்ள அனுப்பிடுங்க” என்று சொன்ன நர்ஸ், சொட்டு ஒழுங்காக இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போனார்.